இரண்டு தெருவுக்கு ஒரு வீடு: தேர்தல் காதல் நாடகம் ஒன்றின் பின்னணி

செட்டிநாட்டில் எங்கள் ஊரில் பழைய வீடுகளுக்கு இரண்டு தெரு உண்டு. முகப்பு ஒரு தெருவைப் பார்த்து நிற்கும். வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு நீண்டுகொண்டே போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை, காரைக்குடி என்று எங்கே போனாலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், கதவுகள் எல்லாம் திறந்திருக்கும் நேரத்தில் முன்திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் பின்தெருவில் போகிற ஆடுகூடத் தெரியும்.

வருகிற பங்குனித் திருவிழாவுக்கு எங்கள் ஊர் இளைஞர்கள் எழுதிக்கொண்டிருக்கும் நகைச்சுவை நாடகம் இந்த வீட்டிலிருந்துதான் பிறந்தது. தொகுதிக்கு இடைத்தேர்தல் வருகிறது. வெளியூர்க் கட்சிக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குவதற்கு வீடு தேடி அலைகிறார்கள். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முன்பகுதியை ஒரு கட்சிக்கும் பின்பகுதியை எதிர்க்கட்சிக்கும் வாடகைக்கு விட்டுவிடுகிறார். தெரு வேறு, கதவு எண் வேறு. இரண்டு தரப்புக்கும் சந்தேகம் வரவில்லை. நடுக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிறார். அந்தச் சாவிதான் கதை.

முன்கட்டில் தங்கியிருக்கும் வேட்பாளர் வெளியூர்க்காரர், திருமணம் ஆகாதவர். “இந்த மண்ணின் மாப்பிள்ளை” என்று அவரைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் வேலை சுலபம் என்று தேர்தல் பொறுப்பாளர் கணக்குப் போடுகிறார். மாப்பிள்ளை என்றால் பெண் வேண்டுமே! ஊர் ஊராய்ப் போய்த் திருவிழா இரவுகளில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், போடும் ஒரு நடிகையை, மூன்று வாரத்துக்குச் சம்பளம் பேசி, நிச்சயிக்கப்பட்ட மணப்பெண்ணாக வேனில் நிற்க வைக்கிறார்கள். பின்கட்டிலோ எதிர்க்கட்சிக்கு மைக் பிடித்து அறிவிப்புச் செய்யும் இளைஞன் இருக்கிறான். அவனும் அந்த நடிகையும் ஏற்கெனவே காதலர்கள். தாங்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பது முதல் நாள் இரவு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரலிலிருந்து அவளுக்குத் தெரிந்துபோகிறது.

ஒத்திகை பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஊரில் சில பெரியவர்கள், அம்மன் சந்நிதியில் இப்படி அரசியலும் காதலும் கலந்த கூத்து எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்காகவே இந்த நாடக வகை எங்கிருந்து வருகிறது, எப்படி இயங்குகிறது என்று எழுதுகிறேன்.

கேலிக்கூத்து என்ற சொல்லை நாம் இன்று திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம். சட்டமன்றத்தில் அமளி நடந்தால் அறிக்கை விடுபவர் “ஜனநாயகக் கேலிக்கூத்து” என்கிறார். ஆனால் அது பெருமையான ஒரு கலைவகை. பிரகசனம் என்று வடமொழியில் பெயர். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே மத்தவிலாசப் பிரகசனத்தை எழுதியிருக்கிறான். மண்டையோட்டையே பிச்சைப் பாத்திரமாக ஏந்தும் சைவத் துறவியான ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. புத்த பிக்குவின் மேல் பழி விழுகிறது. எடுத்துப் போனது நாய். நாட்டை ஆள்பவன் தன் தலைநகரத் தெருவையே சிரிப்புக்குக் களமாக்கியிருக்கிறான். ஐரோப்பாவில் இந்த வகைக்கு இருக்கும் பெயரான ‘ஃபார்ஸ்’, ‘திணித்து நிரப்புதல்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இடைக்காலப் பிரான்சில் சமய நாடகங்களின் நடுவே, கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பதுபோல், சிரிப்புக் காட்சிகளைத் திணித்து நிரப்பினார்கள்.

நம் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் இன்றும் கோயில் திருவிழாவில் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கிற நாடகம் அது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த கதையும் பாட்டும்தான் அதற்கு முதுகெலும்பு. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர். நோட்டீஸில் ஒவ்வொருவர் படமும் ஊர்ப்பெயரோடு அச்சாகியிருக்கும். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். சாமி கதை தொடங்குமுன் பபூன் வருவார். பிறகு டான்ஸ் ஆடும் பெண் வருவார். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு, சண்டையிட்டு, போட்டிக்குப் பாடி, கடைசியில் காதலில் விழுவார்கள். பிரான்சில் பூரணமாக வைத்ததை நாம் முதல் பந்தியிலேயே பரிமாறிவிடுகிறோம்.

அந்தச் சாமி கதையைத்தான் பாருங்களேன். வள்ளி திருமணத்தை விடப் பெரிய ஆள்மாறாட்டக் காதல் நாடகம் தமிழில் உண்டா? முருகன் வேடனாக வருகிறான். வள்ளி மறுக்கிறாள். தகப்பன் நம்பிராஜன் வருகிற ஓசை கேட்டதும் வேங்கை மரமாகி நிற்கிறான். அவர் போனதும் மறுபடி வேடன். அடுத்து தள்ளாத கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். ஒன்றும் பலிக்காதபோது அண்ணனைக் கூப்பிடுகிறான். விநாயகர் யானையாக வந்து மிரட்ட, வள்ளி பயந்து கிழவனையே கட்டிக்கொள்கிறாள். கதவுக்குப் பதில் தினைப்புனம், அலமாரிக்குப் பதில் வேங்கை மரம். மற்றபடி, ஒருவர் உள்ளே வர ஒருவர் ஒளிய என்று ஐரோப்பிய மேடையில் பின்னால் வந்த அத்தனை உத்தியும் இதில் இருக்கிறது. குன்றக்குடி முருகனைக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள், பொய் வேடம் போட்ட காதலை மேடையில் பார்க்கக் கூடாது என்று சொல்ல முடியாது.

அரசியலும் அங்கே எப்போதோ நுழைந்துவிட்டது. விடுதலைப் போராட்டக் கால நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் நின்றபடியே வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடம் என்பதால் பாட்டு கதைக்குப் பொருந்தும். விரட்ட வேண்டிய வெள்ளைக் கொக்கு யார் என்பது கூட்டத்துக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றவர். 1940இன் கடைசி நாளில் சென்னையில் முருகன் வேடத்திலேயே மேடையில் அவர் உயிர் பிரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அரசுகளுக்கு மேடையைக் கண்டு அச்சம் போகவில்லை. 1954இல் சென்னை மாநிலம் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது, எம். ஆர். ராதாவின் நாடகங்களே அதற்குக் குறி. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

ஆகக் காதல், பொய், அரசியல் மூன்றும் நமக்குப் பழையவை. மூன்றையும் ஒரே முடிச்சில் போட முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்குத் தமிழே ஒரு வழி காட்டுகிறது. ‘வாக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் நம்மிடம் வாக்குக் கேட்கிறார். காதலன் காதலிக்கு வாக்குக் கொடுக்கிறான். அவருக்கு நாம் கொடுப்பதும் வாக்கு. அவர் நமக்குக் கொடுப்பதும் வாக்கு, வாக்குறுதி. வேறு பல மொழிகளில் ஓட்டுக்கு ஒரு சொல், சத்தியத்துக்கு ஒரு சொல். நமக்கு இரண்டும் ஒன்று. தேர்தல் காதல் நாடகம் தமிழில் எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய சீதனம் கிடைக்காது.

அமெரிக்காவில் இந்த முடிச்சைப் போட்டுக் காட்டிய இசை நாடகம் ‘ஆஃப் தீ ஐ சிங்’. 1931 டிசம்பர் 26 அன்று நியூயார்க்கில் அரங்கேறியது. கதை ஜார்ஜ் எஸ். காஃப்மனும் மோரி ரிஸ்கைண்டும். இசை ஜார்ஜ் கெர்ஷ்வின், பாடல்கள் ஐரா கெர்ஷ்வின். விண்டர்கிரீன் என்பவரை ஒரு கட்சி ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்துகிறது. கட்சிக்குக் கொள்கை எதுவும் இல்லை. ஓட்டல் அறையைச் சுத்தம் செய்ய வந்த பணிப்பெண்ணிடமே, மக்களுக்கு எதில் அக்கறை என்று கேட்கிறார்கள். பணம் என்கிறாள், அதற்கடுத்து காதல் என்கிறாள். உடனே காதலே கொள்கையாகிவிடுகிறது. அழகிப் போட்டி நடத்தி அதில் வெல்கிறவளை விண்டர்கிரீன் மணப்பார் என்று அறிவிக்கிறார்கள். ஆனால் அவர் மனத்தைப் பறித்தவள் மேரி டர்னர். காரணம், அவள் செய்யும் சோளமாவு மஃபின். நம் ஊர்ப் பக்குவத்தில் சொன்னால் குழிப்பணியாரம் சுடும் கைக்கு மயங்கிய கதை. போட்டியில் வென்று ஏமாந்த டயானா வழக்கோடு வருகிறாள். பிரான்ஸ் அவளுக்காகத் தலையிடுகிறது. ஜனாதிபதி பதவியே ஆட்டம் காண்கிறது. மேரி கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வந்ததும் பதவி தப்புகிறது. கடைசியில் டயானாவை, யாரும் பெயரைக்கூட நினைவில் வைக்காத துணை ஜனாதிபதிக்குக் கட்டிவைக்கிறார்கள். இசை நாடகம் ஒன்றுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது 1932இல் இதற்குத்தான் முதல்முறை. இசைக்கு அந்தப் பரிசில் இடமில்லை என்று ஜார்ஜ் கெர்ஷ்வின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, விண்டர்கிரீனுக்கு மேரியின்மேல் உண்மையாகவே அன்பு இருக்கிறது என்பது. ஓட்டுக்காகப் போட்ட வேஷத்துக்குள் ஒரு மெய் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் அவளிடம் மணம் கேட்கும்போது கூட்டமும் சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம், அவர் தோற்றுவிடக் கூடாது என்றும் நினைக்கிறோம். வள்ளி திருமணமும் அப்படியே. முருகன் சொல்வதெல்லாம் பொய். அவன் வந்த காரணம் மெய். தமிழில் தேர்தல் பித்தலாட்டத்தை மேடையேற்றியதில் தலையானது சோ 1968இல் அரங்கேற்றிய ‘முகமது பின் துக்ளக்’. வரலாற்று மன்னன் துக்ளக்கும் பயணி இபின் பதூதாவும் உயிரோடு வந்துவிட்டதாக நாட்டை நம்பவைத்துத் தேர்தலில் நின்று ஆட்சியையே பிடிக்கிற கதை. அரசியல் நையாண்டியில் அதன் கூர்மையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஆனால் அதை இயக்குவது காதல் இல்லை, ஏமாற்று ஒன்றுதான். எங்கள் ஊர் நாடகம் அதன் வழியில் போகாமல் வள்ளியின் வழியில் போக வேண்டும் என்பது என் ஆசை.

பெயர்க் குழப்பமும் இந்த வகைக்கு உயிர்நாடி. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். அதை 1941இல் படமாக்கிய ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர், சில ஆண்டுகள் கழித்துத் தேவகோட்டைச் சாலையில் ஸ்டூடியோ அமைத்துப் படமெடுத்தவர். இந்தக் குழப்பம் மேடையோடு நிற்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் பக்கத்து ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், காரைக்குடியை ஒட்டிய சங்கராபுரம் ஊராட்சியில் ஒருவர் தலைவராக வென்றதாக அறிவித்தார்கள். பிறகு இன்னொருவர் வென்றதாகவும் அறிவித்தார்கள். யார் தலைவர் என்பது வழக்காகி நீதிமன்றம் ஏறியது.

தேர்தல் விதிகளும் நாடகக்காரருக்குத் தோதாகவே அமைந்திருக்கின்றன. இப்படிப்பட்ட நாடகத்துக்குக் கெடு வேண்டும். வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் ஓய வேண்டும் என்பது 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 126. பிரசாரம் ஓய்ந்ததும், தொகுதியில் ஓட்டு இல்லாத வெளியூர்க் கட்சிக்காரர்கள் வெளியேற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. எங்கள் நாடகத்தின் காதலன் வெளியூர்க்காரன். கடைசி நாள் மாலைக்குள் பூட்டிய நடுக்கதவைத் திறந்து அவளைப் பார்த்தால் உண்டு. இல்லாவிட்டால் போலீஸ் அவனைப் பஸ் ஏற்றிவிடும். நாடகாசிரியர் தானாக யோசித்தாலும் இவ்வளவு பொருத்தமான கெடு அகப்படாது.

வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரமும் இப்படித்தான். வேட்பாளர் தன் சொத்தோடு மனைவியின் சொத்தையும் அதில் காட்ட வேண்டும். வேனில் நின்று மாப்பிள்ளை என்று கைகூப்புகிறவரின் பத்திரத்தில் அந்த இடத்தில் ‘பொருந்தாது’ என்று இருக்கும். எதிர்க்கட்சி வழக்கறிஞர் பாத்திரம் அதைப் படித்துக் காட்டும் காட்சியை இன்னும் எழுதவில்லை, எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எழுதி முடித்த காட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கழுத்திருக் காட்சி. நடிகையைச் செட்டிநாட்டு மணப்பெண்ணாகக் காட்ட, நகரத்தார் திருமணத்தில் பூட்டுகிற பெரிய தங்கத் தாலியான கழுத்திருவைப் போலவே கில்ட்டில் ஒன்று செய்து வாங்கி வைத்திருக்கிறார் பொறுப்பாளர். ஓட்டுக்குப் பணம் பதுக்கியிருப்பதாகத் தகவல் வந்து பறக்கும் படை வீட்டுக்குள் நுழைகிறது. பணம் அகப்படவில்லை, பெட்டகத்தில் கழுத்திரு அகப்படுகிறது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பணத்துக்கே ஆவணம் கேட்கிறவர்கள், இத்தனை பவுன் பளபளத்தால் சும்மா விடுவார்களா? ரசீது எங்கே என்று கேட்கிறார்கள். பொறுப்பாளர் வியர்க்கிறார். அசல் என்றால் ரசீது காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பறிமுதல், நாளைக்குப் பத்திரிகையில் படம். போலி என்றால், மணப்பெண்ணுக்கு எதற்குப் போலிக் கழுத்திரு என்ற அடுத்த கேள்வி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் குழி. அந்த நேரத்தில் நடுக்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதலன் தட்டுகிறான். அவன் எதிர்க்கட்சி என்பது படைக்குத் தெரியாது. பெரியவரோ கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இந்த வீட்டு நடுக்கதவை எதற்குத் தட்டுகிறார்?

இந்த வகை இயங்குகிற விதத்தை இந்த ஒரு காட்சியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் பொய் சின்னது, ஏறத்தாழத் தீங்கற்றது. வாடகைக்கு ஆசைப்பட்ட ஒரு பெரியவரின் பொய். ஓட்டுக்கு ஆசைப்பட்ட ஒரு பொறுப்பாளரின் பொய். அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மூன்றாவது. ஒவ்வொருவரும் தாம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். யாரும் முட்டாள் இல்லை. பாத்திரங்களை முட்டாளாக்கினால் சிரிப்பு இரண்டு நிமிடத்தில் வற்றிவிடும் என்று ஒத்திகையில் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒத்திகை நடப்பது உண்மையிலேயே அப்படியொரு வீட்டில். அங்கே ஒன்று கற்றுக்கொண்டோம். கதவைப் படாரென்று அறைந்து சாத்துவதுதான் மேல்நாட்டு நகைச்சுவை நாடகத்தின் தாளம். எங்கள் பர்மாத் தேக்குக் கதவை அறைந்து சாத்த முடியாது. இரட்டைக் கதவு, ஒரு பாதியைத் தள்ளினால் மெல்ல முனகிக்கொண்டு நகரும், அடுத்த பாதி அதற்கப்புறம். ஓடிவந்து ஒளிகிற பையன் முதல் நாள் கதவோடு போராடியே களைத்துவிட்டான். பிறகு அவன் அவசரப்படுவதை விட்டுவிட்டான். இரண்டு கையாலும் கதவை நிதானமாகச் சாத்துகிறான், கதவு முனகுகிறது, மேடையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முனகல் முடியும்வரை சிலையாக நிற்கிறார்கள். படபடப்பில் வராத சிரிப்பு அந்தக் காத்திருப்பில் வந்தது. நேர்கோட்டு வாசலும் அப்படியே உதவியது. திண்ணையில் வெற்றிலை இடிக்கும் அப்பத்தா பாத்திரத்துக்கு வசனமே இல்லை. ஆனால் தெருவிலும், உள்ளே நடுக்கதவு வரையிலும் நடப்பது அத்தனையும் அவருக்கு நேராகத் தெரிகிறது. இடிப்பது நின்றால் எங்கோ ஒரு பொய் மாட்டிக்கொண்டது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

இனி அந்தப் பெண். எழுதியவர்கள் முதலில் அவளுக்குக் கொடுத்திருந்தது அழுகை. கடைசிக் காட்சியில் குட்டு வெளிப்பட, எல்லோரும் அவளைத் திட்ட, அவள் அழ, காதலன் வந்து மீட்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்திரீபார்ட் போடும் பெண்களை இந்தச் சமூகம் இரவு முழுக்கக் கைதட்டிப் பார்த்துவிட்டு விடிந்ததும் தள்ளிவைத்தே பழகியிருக்கிறது. மேடையில் வள்ளியாகக் கும்பிட்டவர்கள் தம் வீட்டுக்கு மருமகளாகக் கேட்கமாட்டார்கள். வேட்பாளர் பக்கத்தில் பொய் மணப்பெண்ணாக நிற்கும்போதுதான் ஊர் அவளுக்கு முதல்முறையாக ஆரத்தி எடுக்கிறது. இந்த வலி நாடகத்தின் அடிநாதமாக இருக்க, அதை அழுகையில் கரைத்துவிடக் கூடாது.

அதற்காக, பல ஆண்டுகள் வள்ளி வேடம் போட்ட ஒரு அம்மாவை ஒத்திகைக்கு அழைத்து வந்தோம். கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: தர்க்கம் எங்கே? வள்ளி திருமணத்தில் வள்ளி சும்மா மயங்குவதில்லை. நாரதரோடு தர்க்கம், வேடனோடு தர்க்கம். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு, சில இரவுகளில் மணிக்கணக்கில் போகும். எதிரில் இருப்பவர் திணறினால் கூட்டம் அவள் பக்கம் சாய்ந்துவிடும். கடவுளிடமே விளக்கம் கேட்டவளுக்கு ஒரு வேட்பாளரிடம் கேட்க என்ன தடை என்றார்.

எழுந்து, வேனாக வைத்திருந்த பெஞ்சில் ஏறினார். பிரசாரம் முடியப் பத்து நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆர்மோனியக்காரரிடம் சுருதி கேட்டு வாங்கிக்கொண்டார். வேட்பாளராக நடிக்கும் பையனைப் பார்த்து, மூன்று வாரமாக என்னைக் காட்டி இவர்களிடம் வாக்குக் கேட்டீர்களே, எனக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று பாட்டாகவே கேட்டார். எழுதாத வசனம் என்பதால் அவனுக்குப் பதில் தெரியவில்லை. நின்றான். அவர் அடுத்த கேள்வியைப் பின்கட்டுப் பக்கம் திரும்பிக் காதலனிடம் கேட்டார்: சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருப்பது தெரிந்தும் மூன்று வாரம் மைக்கில் மட்டும்தானே பேசினீர்கள், கதவைத் தட்டக் கடைசி நாள்தான் வந்ததா? அவனும் வாயடைத்து நின்றான். திண்ணையில் வெற்றிலை இடிப்பது நின்றிருந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவராக நடிப்பவர் எங்கள் ஊர்த் தபால்காரர். யாரும் சொல்லாமல் அவராக வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். ஒரு முழம் நீளச் சாவி. அதை அந்த அம்மா நடுக்கதவுக்குப் போட்டு, இரண்டு பாதியையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். கதவு முனகி முடிந்ததும் இரண்டு தெருவும் தெரிந்தன. எந்தத் தெரு வழியாக அவள் வெளியே போகிறாள் என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. எழுதுகிற பிள்ளைகள் பின்தெரு என்கிறார்கள். அந்த அம்மா, முகப்பு வழியாகத்தான் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போனார்.